செவ்வாய்க்கிழமை நட்ட கன்றுகள்

இத்தாலியில் பலெர்மோ நகருக்கு மேலேயுள்ள மலைச்சரிவில் மாடிவீடுகள் கட்டுவதற்காக ஓர் ஓக் காட்டில் பாதியை ஒரு கம்பனி வெட்டியது. வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்றுகளைப் பக்கத்துச் சரிவில் நடவேண்டும், இரண்டு கோடை கழிந்தபின் அவற்றில் பெரும்பகுதி உயிரோடு நிற்கவேண்டும் என்பது வனத்துறையின் நிபந்தனை. அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் வேலை நிரோசினிக்குக் கிடைத்தது. அதுவரை அவள் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மேற்பார்வையாளர் பெனடிக்ற். அவரும் அவளைப் போலவே இலங்கையின் வன்னியிலிருந்து வந்தவர்.

முதற் கோடையில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி ஒழுங்காக வந்தது. இரண்டாவது கோடையில் யூலையோடு நின்றுபோனது. பெனடிக்ற் கம்பனிக்குப் பலமுறை போன் எடுத்தார். நாளைக்கு வரும் என்றார்கள். ஓகஸ்ட் முடியும்போது சரிவு முழுக்கக் காய்ந்த குச்சிகள்.

செப்டெம்பரில், வனத்துறையின் சோதனைக்கு மூன்று நாள் முன்னதாக, ஒரு லொறி நிறையப் புதுக் கன்றுகள் வந்தன. செத்ததைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் இவற்றை நடச்சொல்லிக் கம்பனியிலிருந்து உத்தரவு. எல்லோரும் நட்டார்கள். நிரோசினியும் நட்டாள்.

"தங்கச்சி, சோதனைக்கு வாற மனிசி கேட்டா முந்தி நட்டது எண்டு சொல்லு. வேறை ஒண்டும் கதைக்காதை," என்றார் பெனடிக்ற். "எனக்கும் இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க இருக்கு. உனக்கும் இருக்கு."

அவள் தலையாட்டினாள்.

சோதனைக்கு வந்த வன அதிகாரியின் பெயர் அனிற்றா. அவர் குனிந்து ஒரு கன்றின் அடிமண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, தண்ணீர்க் குழாயோடு நின்ற நிரோசினியிடம் இவை எப்போது நட்டவை என்று கேட்டார்.

போர் முடிந்த வருடம், அகதி முகாமைப் பார்வையிட வந்தவர்கள் தண்ணீர் போதுமா என்று நிரோசினியைக் கேட்டார்கள். பக்கத்தில் நின்ற இராணுவத்தினருக்குப் பயந்து ஓம் என்றாள். அன்று அவளுடைய அம்மா கூடாரத்துக்குள் நாக்கு வறண்டு கிடந்தார். அந்த ஓமை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமை," என்றாள். "முதல் நட்டது எல்லாம் செத்துப் போச்சு."

பெனடிக்ற் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அவள் அனிற்றாவைச் சரிவின் மேற்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே முட்பற்றைகளின் அடியில், யாரும் நடாத ஓக் கன்றுகள் ஐம்பது அறுபது பச்சையாக நின்றன. பறவைகள் கொண்டுவந்து புதைத்த விதைகள்.

"இதுகளுக்கு நான் ஒரு நாளும் தண்ணி விடேல்லை," என்றாள்.

அனிற்றா அங்கே நெடுநேரம் நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு மூன்று கிழமை நிரோசினியை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. சிஞ்ஞோராவிடம் போனாள், அங்கே வேறு ஆள் வந்துவிட்டது. நாலாவது கிழமை பெனடிக்ற் பல்லரோச் சந்தைப் பக்கம் இருந்த அவளுடைய வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வந்தார். கம்பனிக்குத் தண்டம் விழுந்திருந்தது. மிஞ்சிய மரங்களின் விதைகளையே பொறுக்கிப் பற்றைகளுக்குள் ஊன்றவேண்டும், மூன்று வருடம் பராமரிக்கவேண்டும், அந்தச் சரிவைத் தெரிந்த ஆட்களே அதைச் செய்யவேண்டும் என்று அனிற்றா எழுதியிருந்தாராம்.

தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான்தான் சொல்லியிருக்க வேணும்," என்றார் கடைசியில். "வாய் வரேல்லை."

"எனக்கும் பயம்தான் அண்ணை."

நவம்பர் மழையில் விதை பொறுக்கினார்கள். வாளித் தண்ணீரில் போட்டு, மிதந்த சொத்தைகளைக் கழித்து, அமிழ்ந்தவற்றை ஊன்றினார்கள். காட்டுப்பன்றிகள் வந்து மூன்றிலொரு பங்கைக் கிண்டித் தின்றன. திரும்ப ஊன்றி, மேலே கம்பிவலை பரப்பிக் கல் வைத்தார்கள்.

ஏப்ரலில் ஒரு காலை பெனடிக்ற் மேலிருந்து அவளைக் கூப்பிட்டார். வலைக்குள் ஊன்றிய விதை முளைத்து இரண்டு சிவந்த தளிர்கள். அவர் முழங்காலிட்டு அதைப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பினார். பிறகு இருவரும் மற்றக் குழிகளைப் பார்க்க ஏறினார்கள்.