மூன்றாவது முறை கூப்பிடும்வரை

மச்சான் அந்த ரத்தக்காட்டேரிக்கு என் பெயரை வைத்திருந்தான்.

டிவியில் கேம் தொடங்கும்போதே நாம் ஆட்டுகிற காட்டேரிக்கு ஒரு பெயர் போடச் சொல்லுமாம். தர்மேந்திரன் யோசிக்கவே இல்லை. சீனி என்று தட்டிவிட்டான். "அடுத்தவன் ரத்தத்துல உசுரு வளக்குறவனுக்கு வேற யாரு பேரு பொருந்தும்?" என்று துளசியின் முன்னாலேயே கேட்டுச் சிரித்தான். துளசி என் மனைவி, அவனுக்கு அக்கா. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

சிலிம் ரிவர் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளைப் போன வருடம் இடித்துவிட்டார்கள். மாற்று வீடு கட்டித் தருகிறோம் என்று காட்டிய இடத்தில் இன்றைக்கும் லாலான் புல்தான் நிற்கிறது. ஈப்போவில், புந்தோங்கில், நாலாவது மாடியில் இருக்கும் தர்மேந்திரனின் வீட்டை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததை ஒரு நாளும் மறக்கமாட்டான்.

கேம் பழைய கேம். கறுப்பு அங்கி போட்ட காட்டேரி பாழடைந்த கோட்டைக்குள் மேலே மேலே ஏறவேண்டும். உச்சியில் அவனைக் கடித்துக் காட்டேரியாக்கிய பிரபு இருக்கிறான். அவனைக் கொன்றால் சாபம் தீரும். ஆனால் நேராக ஏறிவிட முடியாது. கீழ் மண்டபத்தில் வௌவால்களை அடித்து அடித்து வலு ஏற்றிக்கொண்டு போகவேண்டும்.

அந்த வேலை எனக்கு வந்தது.

"சும்மாதான உக்காந்திருக்க. அடி."

கல்குவாரியில் தூசு தின்றுவிட்டு வந்து நான் வௌவால் அடித்தேன். மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினால், செத்ததெல்லாம் மறுபடி தொங்கும். பால்மரம் வெட்டினவனுக்கு இது புதிதில்லை. இன்றைக்கு வெட்டின நிரையைத்தானே நாளைக்கும் வெட்டுகிறோம். காட்டேரிக்கு வலு ஏறியது. பெரிய சண்டைகளைத் தர்மேந்திரன் வந்து போடுவான். ஜெயித்தால் அவன் கெட்டிக்காரன். தோற்றால் நான் ஏற்றிய வலு பத்தவில்லை.

படிப்பைப் பாதியில் விட்டவன் அவன். நிச்சயம் பண்ணின கல்யாணத்தையும் பாதியில் விட்டான். இந்தக் கோட்டையை மட்டும் முடித்தே தீருவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

அந்த வாரம் அவன் வேலை பார்க்கும் பட்டறையில் காரின் முன்மூடி விழுந்து அவன் வலது கை விரல்கள் நசுங்கின. கைமுழுக்கக் கட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜாஹித் வந்தான். பழைய கேம் சாமான் விற்கிறவன். மெஷின், டிஸ்க் இரண்டும் அவனுடையது.

"தர்மா, லூமுட்டுலருந்து நேவிக்காரன் ஒருத்தன் நாளைக்கு வாங்க வாரான். ரெண்டையும் குடுக்கணும். இன்னைக்கு முடிச்சாத்தான் உண்டு லா."

தர்மேந்திரன் தன் கட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என்னிடம் கேட்பதற்கு அவன் பட்ட பாட்டை நான் ரசித்தேன்.

"இங்க வா. நான் சொல்றத மட்டும் செய். உன் மூளைய எல்லாம் வெளிய கழட்டி வச்சிரு."

துளசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வேணாங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம தலைலதான் விடியும்."

"ஆமாக்கா, விடியும். இது மட்டும் போச்சு, ரெண்டு பேரும் துணிய மூட்ட கட்டிக்குங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவன் விளையாட்டாக எதையும் என்னிடம் சொன்னதில்லை.

திரையில் வெயில் அடிக்காமல் ஜன்னலுக்குப் போர்வை கட்டினார்கள். கடைசிக் கோபுரத்துப் படிக்கட்டில் சிவப்பெழுத்து வந்தது. ஜாஹித் குனிந்து படித்தான்.

"அலாமாக்! இதுக்கு மேல செத்தா திரும்பி வர முடியாதாம். எல்லாம் அழிஞ்சிருமாம். முதல்லருந்துதான்."

"சாவ மாட்டான்" என்றான் தர்மேந்திரன். "இவனெல்லாம் லேசுல சாவுற ஜாதியா?"

ஏறினேன். கல்லில் செதுக்கின ஓநாய்கள் உயிர் வந்து பாய்ந்தன. "இடது! குதி! மாடு, குதிடா!" என்று தோளில் இடித்துக்கொண்டே இருந்தான். ஓநாய்களைக் கொன்றேன். தலையில்லாத குதிரைக்காரனையும் கொன்றேன்.

"அண்ணன் கை நல்லாத்தான் லா பேசுது" என்றான் ஜாஹித்.

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது."

உச்சியில் ஒரு பெரிய கதவு. நான் அதன் முன்னால் நின்றதும் மெஷினின் சத்தமெல்லாம் அடங்கியது. திரை இருண்டது. உள்ளேயிருந்து யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. இருட்டில் ஒரு சொல் மெதுவாக எழுந்தது. படிப்பு எனக்கு வயது போய்த்தான் வந்தது. ஆனால் என் பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் தெரியும்.

சீனி.

ஒரு மணி அடித்தது. கீழே வட்டப் பொத்தான் மின்னியது.

"பதில் சொல்லச் சொல்லுது! அமுக்கு!"

தோட்டத்தில் விடியும் முன்னே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில், மரங்களுக்கு நடுவிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாங்கள் வாயைத் திறக்கமாட்டோம். திரும்பியும் பார்க்கமாட்டோம். மனுசன் என்றால் மூன்றாவது முறையும் கூப்பிடுவான். மற்றது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். பதில் சொன்னவன் அதோடு போய்விடுவான்.

என் கட்டைவிரல் பொத்தானின் மேலேதான் இருந்தது. இறங்கவில்லை.

சீனி. மறுபடியும் மணி.

"அமுக்குடா! செவிடா நீ?"

"இரு. ரெண்டு தடவதான் கூப்பிட்டிருக்கு. மூணாவது கூப்பிடட்டும்."

"என்னது?"

"டேய் தர்மா" ஜாஹித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, "உன் மச்சான் பேயா ஆடிக்கிட்டு பேய்க்கே பயந்து நிக்கிறாரு!"

தர்மேந்திரன் பாய்ந்து இடது கையால் கண்ட்ரோலரைப் பிடுங்கினான். அதற்குள் கதவு திறந்துவிட்டது. வெள்ளையாக ஒரு கை நீண்டு வந்து காட்டேரியின் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான். மூன்றாவது முறை அது கூப்பிடவே இல்லை.

திரையில் முதல் பக்கம் வந்தது. புதிதாகத் தொடங்கு என்பதைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை. தர்மேந்திரன் இடது கைவிரலால் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தான். ஜாஹித் சிரிப்பை நிறுத்தினான்.

"வேணும்னேதான பண்ண?"

"இல்ல."

"ஒரு வருசம்டா. என் வீட்டுல தின்னுட்டு, என் கட்டில்ல படுத்துட்டு..."

"வௌவால் அடிச்சது யாரு?" என்றேன். கேட்டிருக்கக்கூடாது. ஆனாலும் என் பெயர் அந்தத் திரையிலிருந்து அழிந்ததில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். அவன் கண்ட்ரோலரைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.

"போ. ரெண்டு பேரும் போங்க. இருட்டுறதுக்குள்ள."

"ஒரு கேமுக்காடா? நான் உங்கூடப் பொறந்தவடா" என்றாள் துளசி.

"இவன் கூட வந்தவதானே நீ."

அதற்கு மேல் அவள் கெஞ்சவில்லை. துணிகளைப் போர்வையில் போட்டுக் கட்டினாள், ஜன்னலில் கிடந்த அதே போர்வையில். ரைஸ் குக்கர் அவளுடையது, அதையும் எடுத்துக்கொண்டாள். குவாரிக் கொங்சியில், வெளிநாட்டுக்காரப் பையன்கள் படுக்கிற தகரக் கொட்டகையில், ஒரு மூலை கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். ஜாஹித் எங்களைப் பார்க்காமல் வயர்களைச் சுருட்டினான்.

படியிறங்கி, கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டியபோது மேலேயிருந்து சத்தம் வந்தது.

"சீனி!"

கால் நின்றது. என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மாடு என்பான், செவிடன் என்பான்.

"கூப்பிடுறான்ல" துளசி என் கையைப் பிடித்தாள். "என்னன்னு கேளுங்க."

"சீனி!"

குரல் முன்னைவிட இறங்கியிருந்தது. கோபமா வேறு ஏதாவதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ஏங்க, வாயத் தொறங்க. ஒரு வார்த்த."

"இரு" என்றேன்.

மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நின்றேன். ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. துளசி மேலே பார்த்தபடி நின்றாள். அவள் கை என் கையிலிருந்து நழுவியது.

நாலாவது மாடியில் இரும்புக் கிரில் கதவு கிறீச்சிட்டு இழுபட்டது. பூட்டு விழுந்தது.