நாலாம் நாட்டுக் கொடி

ஆறு நாடுகள் ஒன்றுகூடித் திராட்சையையும் ஒயினையும் ஆராய்வதென்று முடிவெடுத்தன. முதல் ஒன்பது மாதம் திராட்சையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆராய்ந்தன. அறிக்கையில் எந்த நாட்டின் பெயர் முதலில் வருவது? அகர வரிசைப்படி போடலாம் என்றார் ஒருவர். யாருடைய அகர வரிசை என்று கேட்டார் இன்னொருவர். அந்த ஒரு கேள்வி மூன்று கூட்டங்களை விழுங்கி ஏப்பம் விட்டது. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, முதலாம் நாடு, இரண்டாம் நாடு என்று ஆளுக்கொரு எண் கொடுத்துப் பிரச்சினையை முடித்தார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்தது ஆறாம் நாட்டு ஆராய்ச்சி நிலையத்தில். அங்கே கவாத்துப் பிரிவில் ஒரு பெண்மணி பதினாலு வருடமாகக் கொடிகளை வெட்டி, கட்டி, கண்ணுங்கருத்துமாகப் பார்த்து வந்தாள். கவாத்துக் கத்தரி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் ஊழியர்களுக்கெல்லாம் அவள் 'கத்தரியக்கா'.

கத்தரியக்கா விதையிலிருந்து வளர்த்த கொடி ஒன்று தோட்டத்தின் ஓரத்தில் நின்றது. ஒரு வருடம் சாம்பல் நோய் வந்து, தோட்டம் மொத்தமும் மாவு தூவினாற்போல வெளுத்துப் போனது. இந்தக் கொடி மட்டும் எனக்கென்ன என்று பச்சைப் பசேலென்று நின்றது. கம்பியில் கட்டினால் இந்தப் பக்கம் வராது, அந்தப் பக்கம் தாவும். அதற்கு அவள் அடங்காப்பிடாரி என்று பெயர் வைத்திருந்தாள். வருடா வருடம் அதன் பழத்தில் பத்துப் பாட்டில் ஒயின் போட்டு நிலவறையில் வைப்பாள். கேட்பாரில்லை.

பிரதிநிதிகள் ஒயின் சுவைக்க வருவதற்கு ஒரு வாரம் முன்னால் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்கம்மா, சோதனைத் தோட்டத்துல இருந்து இருபது மீட்டருக்குள்ள, பட்டியல்ல இல்லாத கொடி இருக்கக் கூடாது. ஒப்பந்தத்துலயே இருக்கு. உங்க கொடி பதினாறு மீட்டர்ல நிக்குது. மாசக் கடைசிக்குள்ள வேரோட எடுத்துடுங்க."

"நாலு மீட்டர்தானே சார்?"

"அந்த நாலு மீட்டருக்கு ஆறு நாட்டுக் கையெழுத்து வேணும்."

"நோய் தாங்குற கொடியைத்தானே சார் எல்லாரும் தேடுறாங்க?"

"தேடுறது பட்டியல்ல இருக்கிற ஆறு கொடிக்குள்ளம்மா. பட்டியலுக்கு வெளிய கிடைச்சா அது கண்டுபிடிப்பு இல்ல, விதிமீறல்."

வேறு இடத்தில் நடலாம் என்றால் நிலையத்தின் மீதி நிலத்தில் விருந்தினர் மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் வீடு மூன்றாம் மாடி. அதோடு நிலையத்துக் கொடியின் நடவுக் குச்சி ஒன்று கேட்டைத் தாண்டினாலும் வேலைக்கு உலை.

அன்று வீட்டில் புலம்பித் தீர்த்தாள். அவள் கணவர் பஸ் டிரைவர்.

"உனக்கு எதுக்கு வம்பு? வெட்டச் சொன்னா வெட்டிட்டு வா" என்றார்.

"உங்க பஸ்ஸை உடைக்கச் சொன்னா உடைப்பீங்களா?"

"அது கவர்ன்மென்ட் பஸ்டி."

"இதுவும் கவர்ன்மென்ட் கொடிதான்."



ஒயின் சுவைக்கும் நாள் வந்தது. ஆறு நாடும் தத்தம் கொடியின் ஒயினை அனுப்ப வேண்டும். ஆறு கூஜாவில் ஆறு நிற ஒட்டுச்சீட்டு. எது யாருடையது என்று இயக்குநரிடம் மட்டும் பட்டியல். ஏற்பாடு பிரமாதம். ஆனால் நாலாம் நாட்டுப் பாட்டில்கள் வரவில்லை. அது மதுபானமா, விவசாயப் பொருளா, அறிவியல் மாதிரியா என்று துறைமுகத்தில் மூன்று இலாகாக்கள் அடித்துக்கொண்டிருந்தன.

இயக்குநருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆறு மாதிரி இல்லையென்றால் அறிக்கை செல்லாது.

"மஞ்சள் சீட்டுக் கூஜால ஏதாவது சிவப்பா ஊத்துங்கம்மா. ரெண்டாம் நாட்டு ஒயின் மிச்சம் இருக்குல்ல, அதையே ஊத்துங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

கத்தரியக்கா நிலவறைக்குப் போனாள். இரண்டாம் நாட்டுப் பாட்டிலைக் கையில் எடுத்தாள், வைத்தாள். பக்கத்தில் அடங்காப்பிடாரியின் பாட்டில்கள் இருந்தன. யாராவது ஒருத்தர் குடித்துவிட்டு, இது என்ன கொடி என்று கேட்டுவிட மாட்டார்களா? கேட்டால் வாய் திறந்து சொல்லிவிடலாமே. அடங்காப்பிடாரியையே மஞ்சள் கூஜாவில் ஊற்றினாள்.

அந்தக் கூட்டத்தில் மதிப்பெண் போடுவதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஏழு. எட்டுப் போட்டால் பட்சபாதம், ஆறு போட்டால் பகை. பச்சைக் கூஜாவைக் குடித்துவிட்டு "சுவாரசியமா இருக்கு" என்றார்கள். அந்த வட்டாரத்தில் அதற்கு வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம். நீலத்தில் ஈரக் கல்லின் வாசனையும் ஊதாவில் பழைய பீரோவின் வாசனையும் வருவதாக எழுதினார்கள்.

மஞ்சள் வந்தது. குடித்தார்கள். யாரும் எதுவும் எழுதவில்லை. முதலாம் நாட்டு அம்மையார் விதியை மீறி இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார். ஐந்து பேர் ஒன்பது போட்டார்கள், ஒருவர் பத்தே போட்டுவிட்டார்.

இயக்குநர் பட்டியலைப் பிரித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "மஞ்சள், நாலாம் நாடு" என்று படித்தார். மண்டபம் அதிரக் கைதட்டல். நாலாம் நாட்டுப் பிரதிநிதி, நரைத்த தாடிக்காரர், பேயறைந்தாற்போல எழுந்து நின்று கும்பிட்டார். எந்த மண்ணு, எந்த மலைச்சரிவு என்று ஆளாளுக்கு அவரைத்தான் கேட்டார்கள். கூஜாவோடு நின்றவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. நாலாம் நாட்டுக் கொடியை ஆறாம் நாட்டு நிலையத்திலும் நடுவது. இடம்? பட்டியலில் இல்லாத ஒரு கொடியைப் பிடுங்கப் போகிறார்களே, அந்த இடம்.

அவள் இயக்குநர் பின்னாலேயே ஓடினாள். "சார், அது என் கொடியோட ஒயின் சார். அதைப் பிடுங்கிட்டு..."

"நீங்க எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல" என்று அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

அவள் கொடியண்டை போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் கோபமாக வந்தது. கொடியைக் காப்பாற்றப்போய் அதற்குக் குழியையும் தானே வெட்டிவிட்டோமே என்று தன் மேலேயே வந்த கோபம். கொஞ்ச நேரத்தில் நாலாம் நாட்டுக்காரர் தனியாக வந்து பக்கத்தில் நின்றார்.

"இதுதானாம்மா?" என்றார்.

அவள் திடுக்கிட்டு எழுந்தாள்.

"முதல் மடக்குலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க ஒயினை ஊறுகாய்தான் போடலாம். நீங்கதான் ஊத்துனீங்க, அதான் உங்களைத் தேடி வந்தேன். கைதட்டுனாங்க, எந்திரிச்சுட்டேன். உக்கார முடியல. வெக்கமாத்தான் இருக்கு."

"அப்ப உள்ள போய் உண்மையைச் சொல்லுங்க சார்."

"சொன்னா உங்க வேலை போகும், என் வேலை போகும். கொடி அப்பவும் பட்டியல்ல இருக்காது. ஒப்பந்தப்படி ஊருக்குப் போறப்ப நான் ஒரு கட்டுக் குச்சி கொண்டுபோகலாம். இதுல இருந்து வெட்டிக் குடுங்க. ரெண்டு வருஷத்துல எங்க நாட்டுக் கொடியாத் திரும்பி வரும். வேற வழி எனக்குத் தெரியலம்மா."

கத்தரியக்கா கத்தரியைக் கையில் எடுத்தாள். போய் வேறு யாருடையதாகவோ வரட்டும், உயிரோடு வரட்டும் என்று நினைத்தாள். ஒவ்வொன்றிலும் நாலு கணு இருக்கும்படி இருபது குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். மாதக் கடைசியில் தாய்க் கொடியை வேறு யாரையும் தொடவிடாமல் அவளே தோண்டி எடுத்தாள். தேம்பித் தேம்பி அழுதுகொண்டேதான் தோண்டினாள்.

இரண்டு வருடமும் அவளுக்கு அரைத் தூக்கம்தான். அந்த மனுஷன் ஊறுகாய்க் கொடியை அனுப்பிவிட்டால் என்ன செய்வது? அவர் ஓய்வு பெற்றுவிட்டதாகச் செய்தி வேறு வந்தது. ஒரு காலை பெட்டி வந்தது. 'நோய் இல்லை, பூச்சி இல்லை, பிறப்பிடம் நாலாம் நாடு' என்று ஏழு முத்திரை. மூடியைத் திறந்தாள். அதே ஆழமாகக் கீறிய இலை, அதே முரட்டுக் கணு. "வந்துட்டியாடி!" என்று கத்தியேவிட்டாள்.

"தொடாதீங்கம்மா!" என்று இயக்குநர் ஓடி வந்தார். "வெளிநாட்டுக் கொடி. உங்களுக்குப் பழக்கம் இருக்காது. பயிற்சி முடிஞ்சாத்தான் அனுமதி."

பயிற்சி கொடுக்க, நாலாம் நாட்டுக்குப் போய் ஒரு மாதம் அதைப் படித்துவிட்டு வந்த முதலாம் நாட்டு நிபுணர் ஒருவர் வந்தார். "இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், கம்பியில நிக்காது. பயந்துடாதீங்க" என்று மூன்று நாள் சொல்லிக் கொடுத்தார். அவர் கத்தரியைத் தப்பான கணுவில் வைக்கும் போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை மதிப்பீட்டுத் தாளை நீட்டினார்கள். 'கற்கும் ஆர்வம்: சுமார். இந்தக் கொடியைப் பற்றிய முன்னறிவு: இல்லை.' கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு. போடாவிட்டால் கொடியைத் தொட முடியாது.

போட்டாள்.