ஜெர்பராவுக்கு எவ்வளவு தண்ணீர்?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்த நர்ஸ். ஓய்வு பெற்ற கையோடு ஒரே மகளும் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். கணவருக்குச் செய்தித்தாள் போதும். அவளுக்குத்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

அவர்கள் பால்கனியில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. அதனால் பெரிதாகப் படராத, வருஷக்கணக்கில் இருந்து பூக்கிற செடிகளாகப் பார்த்துத் தொட்டிகளில் வைத்தாள்: நித்தியகல்யாணி, குட்டைச் செவ்வந்தி, முழ உயரம்கூட வராத ஜெர்பரா இரண்டு. எழுந்ததும் தண்ணீர், சாப்பிட்டதும் தண்ணீர், பொழுது சாய்ந்ததும் தண்ணீர். நடுநடுவே மகளுக்கு போன். “சாப்டியா? குடை எடுத்துட்டுப் போனியா?” மகள் பல நாள் “மீட்டிங்மா” என்று வைத்துவிடுவாள்.

“செடிக்கு வாய் இருந்தா அதுவும் மீட்டிங்னு சொல்லிடும்” என்றார் கணவர்.

அவள் சிரிக்கவில்லை. ஜெர்பராவின் இலைகள் வெளுத்துத் தொங்கின. வாடுகிறதே என்று இன்னொரு செம்பு ஊற்றினாள்.

ஒருநாள் அழைப்புமணி விடாமல் அடித்தது. கீழ்வீட்டு டெய்லரக்கா. கையில் ஒரு வெள்ளைச் சட்டை, அதில் தோளிலிருந்து இடுப்புவரை சேற்றுக்கோடு.

“சிஸ்டர், இது கஸ்டமரோட சட்டை. தைச்சு, அலசிக் காயப்போட்டிருந்தேன். நாளைக்கு அவருக்கு இன்டர்வியூ. உங்க தொட்டித் தண்ணி சொட்டறதை நானும் எத்தனை தடவைதான் பொறுத்துக்கறது?”

“துணிக்கொடியை உள்ள கட்டிக்கக் கூடாதா?” வாய் தவறி வந்துவிட்டது.

“உங்க தொட்டிக்காக நான் வீட்டுக்குள்ள துணி காயப்போடணுமா?”

கணவர் குறுக்கே வந்து சட்டையை வாங்கிக்கொண்டார். ரத்தக்கறையே போக்கத் தெரிந்தவளுக்குச் சேறு எம்மாத்திரம்? துவைத்து, தேய்த்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். டெய்லரக்கா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

“இனிமே ஒரு சொட்டு விழுதான்னு பாக்கறேன்” என்று மேலே வந்ததும் வீம்பாகச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

சில நாள் பால்கனிப் பக்கமே போகவில்லை. பிறகு மனசு கேட்காமல் எட்டிப் பார்த்தாள். நித்தியகல்யாணி நிமிர்ந்து நின்றது. செவ்வந்தியில் மொட்டு. ஜெர்பராக்கள் மட்டும் தேறவில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். ஊறிய நூல்போல வேர் கையோடு வந்தது. குப்பென்று அழுகல் நாற்றம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நோயாளிக்கு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மில்லி கணக்கில் எழுதியவள், ஒரு தடவைகூட மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை. போக்கத் தெரியாத பொழுதையெல்லாம் செடியின் தலையில் கொட்டியிருக்கிறோம் என்று உறைத்தது.

மிஞ்சிய ஜெர்பராவின் அழுகிய வேர்களை வெட்டினாள். மண்ணோடு ஆற்றுமணல் கலந்து, குருத்து மூடாமல் மேலாக நட்டு, அடியில் ஒரு தட்டு வைத்தாள். விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அன்று மகளின் எண்ணைப் பாதி அழுத்தியவள், போனைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு படியிறங்கிப் போனாள்.

“இப்பவும் சொட்டுதான்னு கேக்க வந்தேன்.”

“இல்ல” என்ற டெய்லரக்கா கொஞ்சம் தயங்கினாள். “உள்ள வாங்க சிஸ்டர். தைக்கத் தெரியுமா?”

“தெரியும். மனுஷனைத்தான்.”

டெய்லரக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஊசி பிடிப்பீங்கல்ல? உக்காருங்க.”

அடுத்த விடுமுறைக்கு மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். பால்கனியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு ஜெர்பரா விரிந்திருந்தது. அம்மாவைத்தான் காணோம்.

“கீழ இருக்கா” என்றார் அப்பா.

பையோடு இறங்கிப் போனாள். அம்மா சட்டைக் குவியலுக்கு நடுவே இருந்தாள்.

“வந்துட்டியா! உக்காரு, இந்த ரெண்டு பொத்தானையும் முடிச்சிட்டு வரேன்.”

ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்த மகளுக்கு முகம் சுருங்கியது. முக்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏம்மா, நீ இப்பல்லாம் போனே பண்றதில்ல?”

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“நீ பண்ணேன்” என்றாள்.