பார்வைக்கு மட்டும் எட்டு லட்சம்

மைக்கேல்ராஜ் அண்ணனின் வங்கிக் கணக்கில் போன மே மாதம் எவ்வளவு பணம் இருந்தது என்பது ஞானஒளிவுபுரத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். அதில் முக்கால்வாசிக்கு மேல் அடுத்தவர் பணம், எங்கள் பணமும் சேர்த்து.

அண்ணன் மிஷன் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்; அதை அவரே நமக்கு எடுத்துக் காட்டுவார். ஒரே மகள் ஜெனி இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் நர்ஸ். தெருவைப் பொறுத்தவரை அதுவும் லண்டன்தான். அங்கே அதே ஆஸ்பத்திரியில் லேபில் வேலை பார்க்கும் பீமாராவை அவளுக்குப் பிடித்துப்போனது. பையன் அலங்காநல்லூர் பக்கம். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. இப்போது சொந்தமாக அறுபது சென்ட் நிலமும் இரண்டு கறவை மாடும்.

அண்ணன் ஆறு மாதம் மகளோடு பேசாமல் இருந்து பார்த்தார். மகள் தன் அம்மா பிலோமினாளோடு தினமும் பேசினாள். இவர் அதைப் பக்கத்து அறையிலிருந்து தினமும் கேட்டார். ஏழாவது மாதம் மனைவியிடமிருந்து போனை வாங்கி, "அங்க ரொம்பக் குளிரா?" என்றார். அதுதான் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கல்யாணத்தை இங்கே வைத்தால் யார் யாரோடு ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள் என்ற பட்டியலே நீளமாக இருந்தது. லீவும் கிடைக்கவில்லை. அதனால் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, லீட்ஸிலேயே மாதா கோயிலில் வைத்துக்கொள்வது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். இங்கிருந்து போக வேண்டியது மூன்று பேர்: அண்ணன், பிலோமினாள், பையனின் அம்மா ராமக்காள். ராமக்காளின் வீட்டுக்காரர் சுடலை இறந்து பத்து வருடமாகிறது.

மூன்று பேருக்கும் விசா வேண்டும். காளவாசலில் பூக்கடைக்கு மேல்மாடியில் நெட் சென்டர் வைத்திருக்கும் சிவபாண்டிதான் எங்கள் வட்டாரத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூவரும் போனார்கள். எனக்கு அன்று ஆதாரில் திருத்த ஒன்றுமில்லை, இருந்தாலும் போயிருந்தேன்.

முதலில் ராமக்காள். "பயணச் செலவு யார் பொறுப்புன்னு கேட்டிருக்குக்கா," என்றான் சிவபாண்டி.

"எம் மகன்தான். வேற யாரு?"

பீமாராவ் எழுதிய கடிதம், அவன் சம்பளச் சீட்டு, அவன் வங்கிக் கணக்கு எல்லாம் மெயிலில் வந்திருந்தன. ராமக்காள் தன் பங்குக்கு மஞ்சப்பையிலிருந்து பால் சொசைட்டிப் புத்தகத்தையும் பட்டாவையும் எடுத்து வைத்தார்.

"கல்யாணம் முடிஞ்சு ஊருக்குத் திரும்பிருவீங்கங்கிறதுக்கு என்ன காரணம் போட?"

"சினைமாடு நிக்கிதுப்பா. புரட்டாசியில கன்னு போடும். நான் இல்லாம யாரு பாக்கிறது?"

சிவபாண்டி அப்படியே தட்டினான். மைக்கேல்ராஜ் அண்ணன் சுவரைப் பார்த்துச் சிரித்தார். "மாட்டுச் சங்கதியெல்லாம் வெள்ளைக்காரனுக்கு எதுக்குத் தங்கச்சி?"

"கேட்டான், சொன்னேன். பொய்யாண்ணே?"

அடுத்து அண்ணன் முறை. "ஜெனியும் லெட்டர் அனுப்பிருக்குண்ணே. டிக்கெட், தங்குறது, சாப்பாடு எல்லாம் அதோட பொறுப்பாம். இதையே போட்டுருவோமா?"

"சொந்தச் செலவுன்னு போடு."

"அண்ணே, உங்க கணக்குல ஒன்னே முக்கால் லட்சம்தான் இருக்கு."

"பொண்ணைக் கட்டிக் குடுக்கிற அப்பன், அந்தப் பொண்ணு காசுலயே பிளேன் ஏறிப் போய்க் கட்டிக் குடுக்கிறதாக்கும்? ஒரு வாரம் டயம் குடு. கணக்கு ரொம்பிரும்."

"உள்ளதைச் சொன்னா எனக்கு டைப் அடிக்கவும் ஈஸிண்ணே," என்று சிவபாண்டி முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை. சம்பந்தி முன்னால் சொன்ன வார்த்தை வேறு. இனி அதை எங்கே திரும்ப வாங்குவது?

பிலோமினாளின் தம்பி மெர்வின் நாலு லட்சம் போட்டார். அவருக்குப் பேப்பர் கடை, லண்டனில் மகன், கழுத்தில் சங்கிலி. மீதியைத் தெருவில் நாலு வீடுகள் போட்டோம். சீட்டு எடுத்து வைத்திருந்த என் அறுபதாயிரமும் அதில் போனது. "பார்வைக்கு மட்டும்தான், தொடவே மாட்டேன்," என்றார் அண்ணன். நகைக் கடைக் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது அவர் கணக்கு. ஒன்பது நாளில் எட்டு லட்சம். அதன் பிறகு அண்ணன் தும்மினால்கூட நாலு வீட்டிலிருந்தும் உடம்புக்கு என்ன என்று விசாரித்தோம்.

மூவரும் சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தார்கள். மூன்றாவது வாரம் கூரியர்க்காரன் வந்தபோது, நான் தற்செயலாக அண்ணன் வீட்டுக்கு இட்லிமாவுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். உறையைப் பிரிப்பதற்குள் பிலோமினாளின் போன் அடித்தது. ராமக்காள்.

"மதினி! எனக்கு விசா கெடச்சிருச்சு! இசைவாணி பாத்துச் சொன்னா. உங்களுக்கும் இன்னைக்கே வரணுமே?"

இசைவாணி ராமக்காளின் மூத்த மகள். பிலோமினாள் "இந்தா வந்திருக்கு மதினி" என்று சொல்லிக்கொண்டே கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டி, உதறி, மறுபடி புரட்டினார். விசா இல்லை. கடிதம்தான் விழுந்தது.

அதை அவர் சத்தமாகப் படித்தார். படிக்க ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் ஓய்வூதியம் மாதம் இருபத்தெட்டாயிரம். ஒன்பது நாட்களில் எட்டு லட்சம் வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. அது உங்கள் பணம்தான் என்று எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. ஆகவே உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் விசா மறுக்கப்படுகிறது. வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

"இந்தத் தெருவைப் பாக்காமலே கண்டுபிடிச்சிட்டானே பாவி!" என்றார் பிலோமினாள்.

தெருவுக்கு அண்ணன் சொன்ன காரணம், "சர்வர் கோளாறு." நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வீட்டில் மட்டும் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் பணம் போட்ட அத்தனை பேரும் ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள். மறுநாள் காலை வங்கி திறந்ததும் எட்டு லட்சமும் எங்களிடம் திரும்பி வந்தது. அண்ணன் வாக்குச் சுத்தமானவர், அதில் குறை சொல்ல முடியாது.

மெர்வின் வந்ததுதான் வினை.

"எதுக்கு மச்சான் இம்புட்டுக் கவலை? மறுபடி எழுதிப் போட்டு, மறுபடி அவன் இல்லைன்னு சொல்லி, எதுக்கு அசிங்கம்? எனக்குத்தான் பத்து வருச விசா இருக்கே. தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல? கோட்டுக்கு அளவு குடுத்துட்டேன். ஜெனி கையைப் பிடிச்சு நானே பீடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் அக்காவும் இங்கேருந்து போன்ல ஜம்முனு பாருங்க."

மைக்கேல்ராஜ் அண்ணன் எழுந்தார். மெர்வின் முன்னால் இருந்த பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவரை வெளியே பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட முதல் பூசைக்குப் போய், யாரும் விசாரிப்பதற்குள் வந்துவிட்டார். ஜெனி போன் செய்தால் பிலோமினாள்தான் பேசினார். பழையபடி பக்கத்து அறை.

அடுத்த புதன்கிழமை ராமக்காள் அலங்காநல்லூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் முருங்கைக்காய்க் கட்டு. நான் அவருக்கு வீடு காட்டப் போனேன். வீடு அவருக்கு ஏற்கெனவே தெரியும்தான்.

"அண்ணே, நீங்க வராம நான் அந்த ஏரோப்பிளேன்ல ஏறமாட்டேன்."

"மெர்வின் வாரான்ல தங்கச்சி. துணைக்கு இருப்பான்."

"அவரு துணைக்கு வந்தா அவருக்கு ஒரு துணை வேணும்." ராமக்காள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவரு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகப்போறதா ஜெனிட்ட சொன்னாகளாம். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? எங்கப்பா வரலேன்னா நான் ஒத்தையாத்தான் நடப்பேன், யாரு கையும் எனக்கு வேணாம்னுருச்சாம். பீமா போன்ல சொல்றப்ப அவன் குரலே சரியில்ல."

அண்ணன் நிமிர்ந்தார். "ஒத்தையாவா?"

"ஒத்தையாத்தான். அந்தக் கோயிலு வேற நீளமாம்."

 பிறகு அண்ணன், "மக காசுல எப்படித் தங்கச்சி..." என்று இழுத்தார்.

"நான் எம் மகன் காசுல போறேனே, அது உங்களுக்குக் கேவலமாப் படுதா?"

"சேச்சே. அது மகன்."

"ஆஸ்பத்திரியில ஆம்பளப் பிள்ளைன்னா சம்பளம் வேற நோட்டுல குடுக்கிறாகளாண்ணே?"

அடுப்படியில் பிலோமினாள் சிரித்தது எனக்குக் கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்க வேண்டும். "பிலோ, அந்த வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு வையி. நாளைக்குக் காளவாசலுக்குப் போறேன்," என்றார்.

நெட் சென்டரில் அண்ணன் சிவபாண்டியைத் தட்டச்சு செய்ய விடவில்லை. வெள்ளைத்தாள் வாங்கி ஆங்கிலத்தில் அவரே எழுதினார். எழுதி முடித்ததும் சிவபாண்டிக்குத் தமிழில் விளக்கிச் சொன்னார். நான் இரண்டு நாற்காலி தள்ளி இருந்தேன், தெளிவாகக் கேட்டது.

'ஐயா, சென்ற முறை என் கணக்கில் தாங்கள் கண்ட எட்டு லட்சம் என் மைத்துனரும் நாலு அண்டை வீட்டாரும் பார்வைக்காகக் கொடுத்தது. என்னை வசதியானவனாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். தாங்கள் சந்தேகப்பட்டது சரியே. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கான வங்கித் தாள் இணைப்பு ஒன்று. எனக்கு மாதம் இருபத்தெட்டாயிரம் ஓய்வூதியமும் ஒரு சொந்த வீடும் உண்டு. இணைப்பு இரண்டு, மூன்று. எங்கள் பயணச் செலவு முழுவதையும் என் மகள் ஏற்கிறாள். அவள் கடிதமும் சம்பளச் சீட்டுகளும் இணைப்பு நான்கு. இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.'

"ஆட்சேபணை இல்லைங்கிறது எதுக்குண்ணே? அவங்க அதைக் கேக்கலையே."

"இருக்கட்டும்டா."

மறுபடி சென்னை, மறுபடி கைரேகை. ஜூலை கடைசியில் கூரியர் வந்தது. இந்த முறை நான்கு வீட்டுக்காரர்களும் வாசலிலேயே நின்றோம். எங்கள் பணம் எதுவும் உள்ளே இல்லை என்றாலும் எங்களுக்குப் படபடவென்று இருந்தது. அண்ணன் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தார். பிலோமினாளிடம் கொடுத்தார். பிலோமினாள் முத்தமிட்டு என்னிடம் நீட்டினார். விசா புகைப்படத்தில் அண்ணன் திருடன் மாதிரி இருந்தார். அதை அன்று யாரும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று சாயங்காலம் நாலரை மணிக்கு என் வீட்டு டிவியில் அனைவரும் பார்த்தோம். அங்கே பகல். முன்வரிசையில் ராமக்காள் பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மெர்வின் சொந்தச் செலவில் போய், புதுக் கோட்டோடு கேமரா திரும்பிய பக்கமெல்லாம் நின்றார். பீமாராவ் வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அந்த ஊரிலும் வேர்க்குமா என்று தெருவில் ஒரு சந்தேகம் எழுந்தது.

கதவு திறந்தது. வெள்ளை கவுனில் ஜெனி. அவள் கையைப் பிடித்தபடி மைக்கேல்ராஜ் அண்ணன். ஆர்கன் ஆரம்பித்ததுதான் தாமதம், கருவூல அலுவலகத்தில் டோக்கன் தீர்ந்துவிடும் என்று ஓடுகிறவரைப் போல விறுவிறுவென்று கிளம்பிவிட்டார். கவுனின் பின்பக்கம் பிடித்து வந்த இரண்டு பெண்களும் ஓட வேண்டியதாயிற்று. ஜெனி அவர் கையை இழுத்து நிறுத்தினாள். காதருகே குனிந்து என்னவோ சொன்னாள். எவ்வளவோ சத்தம் கூட்டி வைத்தும் எங்களுக்கு அது கேட்கவில்லை. அவர் சரி சரி என்று தலையாட்டினார். பிறகு அவள் கால் எடுத்து வைப்பதைப் பார்த்துப் பார்த்து, தானும் ஒவ்வொன்றாக வைத்து நடந்தார்.