கான்சாபுரத்து நாற்பது கைநாட்டு

"நாளைக்குக் கான்சாபுரத்துக்கு நானும் வர்றேன்" என்று பரிபூரணம் மேம் சொன்னதும் விக்னேஷ்வரன் பக்கத்திலிருந்த ஹாரிஸின் காலை மிதித்தான்.

ராஜபாளையத்துக் கல்லூரியில் நூலக அறிவியல் படிக்கிறவன் அவன். ஏதாவது ஓர் ஊருக்கு என்ன தகவல் தேவை என்று ஆராய்ந்து, குழுவாகச் சேர்ந்து ப்ரொபோசல் எழுத வேண்டும். குழு என்றால் அவனும் ஹாரிஸும். மலையடிவாரத் தென்னந்தோப்புக்காரர்களுக்கு யானை எங்கே நிற்கிறது என்ற தகவல் தேவை என்று எழுதியிருந்தார்கள். அதற்கு ஆதாரமாக நாற்பது விவசாயிகளின் பெயர், வயது, அவர்கள் சொன்னது, கைநாட்டு.

அந்த நாற்பது பேரையும் அவர்கள் சந்தித்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், ஒரு காதணி விழா பிளெக்ஸில். வெயிலில் இன்னொரு பஸ் ஏறச் சோம்பல். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, 'கான்சாபுரம் உறவினர்கள்' என்ற பட்டியலை அப்படியே இறக்கினார்கள். வயதையும் பேச்சையும் சொந்தமாகப் போட்டார்கள். கைநாட்டுக்கு இரண்டு பேரின் கைவிரல்களும் இருபதோடு தீர்ந்துவிட்டதால், மிச்சத்துக்குச் செருப்பைக் கழற்றினார்கள்.

"நாப்பது பேரும் ஒரே மாதிரி பேசியிருக்காங்க. கமா கூட அதே இடத்துல விழுது. அவங்களப் பாக்கணும்ல?" என்றார் மேம். பொய்யென்று தெரிந்தால் இரண்டு பேருக்கும் கோர்ஸ் காலி.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது பிளெக்ஸ் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஹாரிஸ் மேமுக்கு முன்னால் நின்று அதை மறைக்கப் பார்த்தான். பிளெக்ஸ் இருபது அடி அகலம். ஹாரிஸ் ஒன்றரை அடி.

"ஏலே, ஊர்லருந்து போன் வந்துச்சுன்னு சொல்லிட்டு ஓடிருவமா?" என்று கிசுகிசுத்தான் ஹாரிஸ்.

"எந்த ஊர்லருந்துல? நம்ம ஊரு இதுதானல!"

கான்சாபுரத்தில் முதல் தோப்பு வாசலில் வெள்ளைத்தாய் என்ற பெண் மண்வெட்டியோடு நின்றாள். மேம் பட்டியலைப் பிரித்தார். "கவின்ராஜ், வயசு அம்பத்திரண்டு, தென்னை விவசாயி. அவர் வீடு எதும்மா?"

"கவின்ராஜா? எம் பயலுல்லா அவன். இப்பத்தான் தவழுதான்."

மேம் விக்னேஷ்வரனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

வெள்ளைத்தாய் அதையெல்லாம் கவனிக்கவில்லை. "என்ன எழுதிருக்கு டீச்சர்?"

"யானை எங்க நிக்குதுன்னு உங்களுக்குச் சொல்லப்போறாங்களாம்."

அவள் முகம் மாறியது. "மெய்யாவா? முந்தாநா இறங்கி எம்பத்தாறு தென்னங்கன்னைப் பிடுங்கிப் போட்டுருச்சு. மேல ஏறுச்சா, உள்ளயே நிக்குதான்னு ஒருத்தருக்கும் தெரியல. மூணு மணிக்குக் கரண்டு விடுவான், மோட்டாரப் போடணும். தம்பி, நான் இப்ப உள்ள போலாமா?"

"சொல்லு விக்னேஷ்" என்றார் மேம்.

'ஏறிருச்சுக்கா' என்று ஒரு வார்த்தை போதும். கவின்ராஜைப் பெயர்க் குழப்பம் என்று சமாளிக்கலாம், கோர்ஸ் பிழைக்கும். நாற்பது விரலுக்குப் பொய் சொன்னவனுக்கு நாற்பத்தொன்று பெரிதல்ல. ஆனால் அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் வாயையே பார்த்தாள். சொன்னால் போய்விடுவாள்.

"தெரியாதுக்கா. ஒண்ணுமே தெரியாது. நாங்க இந்த ஊருக்கு வந்ததே இல்ல. எல்லாம் பஸ் ஸ்டாண்டு பிளெக்ஸப் பாத்து எழுதுனது."

ஹாரிஸ் கண்ணை மூடிக்கொண்டான். மேம் பட்டியலை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். கிழிக்கவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

"அட போங்கப்பா!" வெள்ளைத்தாய்க்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்ப எப்பயும் போலத்தான்." தகர டப்பா ஒன்றை எடுத்து, சத்தம் கேட்டு யானை விலகட்டும் என்று கல்லால் தட்டிக்கொண்டே தோப்புக்குள் நடந்தாள். துணைக்கு ஆள் இல்லை.

விக்னேஷ்வரன் தோப்பைப் பார்த்தான். மேமைப் பார்த்தான். தோப்பே தேவலை என்று பட்டது. "அக்கா, இருங்க!" என்று ஓடினான். ஹாரிஸ் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான்.

உள்ளே வெயில் இல்லை. எங்கோ படீரென்று ஒரு சத்தம். மூவரும் நின்றார்கள். டப்பாவும் நின்றது.

"மட்டை விழுந்துச்சாக்கா?" என்றான் விக்னேஷ்வரன்.

"தெரியல" என்றாள் வெள்ளைத்தாய், அடங்கிய குரலில். டப்பாவையும் கல்லையும் அவன் கையில் திணித்தாள். "தட்டு. நிப்பாட்டாம தட்டு."

அவன் தட்டினான்.