யார் குலத்துக்கும் சேராத துணி

டூகல் மக்னாப் இறந்த மூன்றாம் நாள், அவர் எடுத்து வளர்த்த நினியன் பார்க் என் கடைக்கு வந்து, "யாருக்கும் சொந்தமில்லாத துணியா ஒரு கில்ட் குடுங்க இஷ்பல்" என்றான்.

எங்கள் மலைநாட்டுக் கிரீஃப் ஊரில் முப்பது வருஷமாகக் கில்ட், அதாவது ஆண்கள் இடுப்பில் சுற்றும் கட்டம்போட்ட கம்பளிப் பாவாடை, தைத்து விற்கிறேன், வாடகைக்கும் விடுகிறேன். கல்யாணமோ சாவோ, கடைக்குள் கால் வைக்கும் ஆண்பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, "என் குலத்துக்கு எந்தக் கட்டம்?" என்பதுதான். இப்படித் தலைகீழாகக் கேட்டவன் இவன் ஒருவன்தான்.

பிறந்த மறுநாளே பூங்கா பெஞ்சில் கிடந்த குழந்தை அவன். அன்று புனித நினியன் திருநாள், அதனால் அந்தப் பேர். கிடந்த இடம் குடும்பப் பேராகிவிட்டது. ஆறு வயதில் டூகல் அவனை அநாதை விடுதியிலிருந்து தன் ஆட்டுப் பண்ணைக்குக் கூட்டிப்போய், சொந்த மகன் ரனல்டோடு ஒரே அறையில் படுக்கவைத்து வளர்த்தார். நினியன் கல்யாணத்துக்கு மக்னாப் குலத்தின் சிவப்புக் கட்டத்திலேயே கில்ட் எடுத்துக் கொடுத்தார். விருந்தில் ரனல்ட் விஸ்கி கிளாஸோடு எழுந்து நின்று, "எட்டு கஜம் துணியைச் சுத்திக்கிட்டா மக்னாப் ஆயிடுவியாடா?" என்று கேட்டான். வேடிக்கை என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கில்ட்டை நினியன் அப்புறம் தொடவே இல்லை. பதினொரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

"உனக்குக் கயிறு வந்துச்சா?" என்று கேட்டேன்.

சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவது எங்கள் பக்கம் சொந்தக்காரர்கள் வேலை. மொத்தம் எட்டுக் கயிறு. தலைமாட்டுக் கயிறு ஒன்றாம் எண், கால்மாடு இரண்டாம் எண். யாருக்கு எந்தக் கயிறு என்று வீட்டார் சீட்டு எழுதித் தபாலில் அனுப்புவார்கள். சீட்டு வராதவன் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டுப் போகவேண்டியதுதான்.

"சீட்டு எழுதுறது ரனல்ட்" என்றான் நினியன். "நான் பின்னால நின்னுட்டு வந்துடறேன்."

"'என்னை வளர்த்தவர், ஒரு கயிறு குடுடா'ன்னு நீ அவன்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டு வாங்கினா அது கயிறு இல்லை இஷ்பல், பிச்சை."

உள்ளே போய்க் கருநீலமும் கரும்பச்சையும் கறுப்புமாக இருந்த காவல் துணி என்று நாங்கள் சொல்லும் கில்ட்டை எடுத்துவந்து மேஜைமேல் போட்டேன்.

"முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த மலையைக் காவல் காக்க அரசாங்கம் ஆள் எடுத்துச்சு. காம்பெல், கிராண்ட், ஃப்ரேசர், மன்ரோன்னு ஒருத்தனுக்கொருத்தன் ஆகாத குலத்துக்காரங்க. பின்னால அவங்க எல்லாரும் ஒரே படையா ஆனப்போ உடுத்தினது இந்த ஒரே துணிதான். குலத்துக்கு ஒரு கட்டம்ங்கிறதெல்லாம் அப்புறம் நெசவு ஆலைக்காரங்களும் என்னை மாதிரி கடைக்காரங்களும் பட்டியல் போட்டு வச்சது. இன்னார்தான் உடுத்தணும்னு எந்தச் சட்டமும் இல்லை. இது எல்லாருக்கும் பொது."

"எல்லாருக்கும் பொதுன்னா யாருக்கும் இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றான்.

"போடா மடையா!" என்று கத்திவிட்டேன். கத்தியதற்குக் காரணம் இருந்தது. அதே துணியில் புதிதாகத் தைத்த இன்னொரு கில்ட் உள்அலமாரியில் இருந்தது. அதைப் பற்றி மூச்சு விடமாட்டேன் என்று டூகலுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மார்ச் மாதம், வைத்தியர்கள் கையை விரித்தபின், அவரே கடைக்கு வந்தார். "பெட்டியில உடுத்திட்டுப் போக, காவல் துணியில ஒண்ணு தைச்சுக் குடு."

"உங்க சிவப்புக்கு என்ன வந்துச்சு?"

"அதை உடுத்தினா ஒருத்தன் மகன், இன்னொருத்தன் விருந்தாளின்னு ஆகுது. நினியன் சிவப்பைத் தொடமாட்டான், ரோஷக்காரன். எல்லாருக்கும் பொதுவான இந்தத் துணியோடதான் வருவான். அந்தக் கூட்டத்துல அவன் மட்டும் தனியா நிக்கக் கூடாது இஷ்பல். ரனல்ட் வந்து கேக்கறப்போ அவன் கையில குடு, அதுவரைக்கும் மூச்சு விடாதே."

அளவு பார்க்க மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் இடுப்பு குறைந்திருந்தது, ஒவ்வொரு முறையும் வாரைப் பிரித்துத் தைத்தேன்.

நினியன் போன அன்று சாயங்காலமே, அப்பா தைக்கக் கொடுத்திருந்த உடுப்பைக் கேட்டு ரனல்ட் வந்தான். நான் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததும் முகம் சிவந்தது. "என்ன மிஸஸ் கௌர்லே, வேற யாரோடதையோ எடுத்துக் குடுக்கறீங்க? இது எங்க துணி இல்லை."

டூகல் தன் கையால் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தை நீட்டினேன். அவர் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவன் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்டியை மூடிடுவாங்க. உள்ள என்ன உடுத்தியிருக்காருன்னு யாருக்குத் தெரியும்?"

"உடுத்திவிடப் போறது யாரு?"

"நான்தான்."

"அப்போ உனக்குத் தெரியும்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கில்ட்டை விரித்து, உடுத்திவிடும் விதத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். கொசுவம் முதுகுப் பக்கம், முன்னால் வரும் மேல்மடிப்பு வலப்பக்கம் முடியவேண்டும், விளிம்பு முட்டியின் நடுவில் நிற்கவேண்டும். "ஊசியை மேல்மடிப்புல மட்டும் குத்து. கீழ்மடிப்பையும் சேர்த்துக் குத்தினா துணி இழுத்துக்கும், தொங்கல் கெட்டுடும்." பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் போனான்.

அடக்கத்தன்று தூறல். குழியைச் சுற்றி மக்னாப்கள் எல்லோரும் சிவப்பில் நின்றார்கள், ரனல்டும் சிவப்புதான். நினியன் கடைசி வரிசையில், கல்லறைச் சுவரை ஒட்டி, கறுப்பு டையும் காவல் துணியுமாக நின்றான். அத்தனை பேரில் அந்தத் துணியில் நின்றது அவன் ஒருவன்தான்.

பாதிரியார் ஜெபம் முடித்தார். அடக்க ஏற்பாடு செய்பவர் பட்டியலைப் பிரித்து, "ஒன்றாம் கயிறு, ரனல்ட் மக்னாப்" என்றார். ரனல்ட் தலைமாட்டுக்குப் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் கடைசி வரிசைக்கு வந்து, பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான்.

"ரெண்டாம் கயிறு. கால்மாடு. தபால்ல போட மனசு வரலை."

நினியன் கை நீட்டவில்லை. "இந்த உடுப்போட நான் அங்க வந்து நிக்கிறது..."

"அப்பாவும் அதைத்தான்டா உடுத்தியிருக்காரு. நானேதான் உடுத்திவிட்டேன்." நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, "மேல்மடிப்புல மட்டும்தான் குத்தினேன் இஷ்பல்" என்றான்.

இரண்டு பேரும் சேர்ந்து குழிக்கு நடந்தார்கள். எட்டுப் பேரும் கயிறு பிடிக்க, பெட்டி மெல்ல இறங்கியது. கயிற்றை விடலாம் என்று ஏற்பாட்டுக்காரர் தலையசைத்தார். ஆறு கயிறுகள் பெட்டிமேல் விழுந்தன. நினியன் விடவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, குழியைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஏற்பாட்டுக்காரர் இருமினார்.

"அவனை அவசரப்படுத்தாதீங்க" என்றான் ரனல்ட். அவனும் தன் கயிற்றை விடாமல் நின்றான்.