வால் வெட்டுப்பட்டவர்கள்

ஹார்ட்ஃபோர்டில், 1971இல், ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். பக்கத்து மேசைக்காரன் கேலன் ப்ரூஸ்டர். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. போலந்துக்காரர்களைக் கிண்டல் செய்யாமல் அவனுக்குக் காபி இறங்காது.

"அவங்க பேரை எழுதி முடிக்கிறதுக்குள்ள டேப்பே தீந்துடும், ஆலிஸ்" என்பான். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

பாலிசிதாரர்களின் விவரக் கோப்பைக் கம்ப்யூட்டரின் புதிய காந்த டேப்புக்கு மாற்றியது அவன்தான். முன்பு எல்லாப் பதிவும் ஒரே நீளம். பெயர் சின்னதென்றால் மிச்ச இடம் வீண். இப்போது பெயருக்குத் தக்கபடி பதிவு நீளும், சுருங்கும். மாற்றியபின் வந்த அச்சுத்தாளைப் புரட்டினேன். ஹால், கோல் மாதிரிச் சின்னப் பெயர்க்காரர்கள் எல்லாம் பத்திரமாக இருந்தார்கள். வோய்ச்சியெஹோவ்ஸ்கி மட்டும் வோய்ச்சியெஹோவ் ஆகியிருந்தார். வால் வெட்டுப்பட்ட அத்தனை பேரும் போலந்துக்காரர்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

அன்று முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவனைக் கவனித்தேன். அவன் விசிலடித்ததுகூடத் திமிராகத்தான் பட்டது. மாலையில் மேலாளர் தார்னிடம் போனேன்.

"வேணும்னே செய்யறான் சார். தாளைப் பாருங்க."

"நெசமா இருந்தா இன்னிக்கே அவன் சீட்டு கிழிஞ்சுடும்மா" என்று தார்ன் அவனைக் கூப்பிட்டார்.

தாளைப் பார்த்ததும் ப்ரூஸ்டரின் முகம் வெளுத்தது.

"தப்பு என்னுதுதான் சார். நீளம் மாறுற ஒவ்வொரு பதிவோட தொடக்கத்துலயும், அது எவ்ளோ நீளம்னு குறிக்கவே நாலு எழுத்து இடம் போயிடும். உச்ச அளவு குறிக்கிறப்ப அந்த நாலைச் சேக்க மறந்துட்டேன். ரொம்ப நீளமான பேருக்குத்தான் இடம் பத்தல."

நான் விடவில்லை. "சோதனை ஓட்டினப்பவே தெரிஞ்சிருக்குமே?"

"நம்ம ஆபீஸ் பேருங்களை வெச்சுத்தான் ஓட்டினேன், எல்லாம் சின்னப் பேரு. உன் பேருகூட இருக்கு, பாரு."

ஆலிஸ் மார்ஷ். ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தது. வேலைக்கு மனு எழுதிய அன்று நானே வெட்டிக்கொண்ட பெயர். எனக்கு வெட்கமாக இருந்தது.

தார்ன் அவனை முறைத்தார். "உடனே சரி பண்ணி, மறுபடி ஓட்டிக் காட்டு."

"சரி சார். சோதிக்க நீளமா இன்னொரு பேரும் வேணுமே. ஆலிஸ், உனக்கு யாரையாச்சும் தெரியுமா?"

"எழுதிக்கோ" என்றேன். "அலெக்சாந்த்ரா மார்ச்சின்கியேவிச்."

"யாரு அது?"

"நான்தான்."